இடம் உத்தேசம்

மதுரைக்காரிக்குக் கடலில் என்ன வேலை என்று என்னைக் கேட்காத ஆள் கிடையாது. கோச்சடையிலிருந்து நான் ஏறுகிற ஷேர் ஆட்டோக்காரர்கூட ஒரு நாள் கேட்டார்.

"ஏன்க்கா, வைகையிலயே தண்ணி இல்ல. நீங்க கடலுக்கு மேப் போடுறீகளாமே?"

"வைகையில தண்ணி வரட்டும், அதுக்கும் போட்டுத் தாரேன். இப்ப நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றேன்.

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. இரண்டாயிரத்து இரண்டில் எங்கள் ஆபீஸ் காளவாசலில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வளைகுடா நாடு ஒன்றின் கடல் அளவைத் துறை தன்னுடைய காகித வரைபடங்களை ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்பும். அதிலுள்ள கரை, பாறை, மிதவை, கலங்கரை விளக்கம், ஆழம் எல்லாவற்றையும் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். பிறகு அந்தத் துறை அதற்கு முத்திரை வைத்து வெளியிடும். கப்பல்காரர்கள் அதைத் திரையில் பார்த்துத்தான் கப்பலை ஓட்டுவார்கள். இங்கிருந்து போகுமுன் கடைசியாகப் பார்க்கிற கண் என்னுடையது. "ஹம்சவேணி மேடம் கண்ணுல மண்ணத் தூவ முடியாது" என்பார்கள் பிள்ளைகள். தூவிப் பார்க்கட்டுமே!

இரண்டு காரியம் எனக்கு ஆகவே ஆகாது. ஒன்று, திரைக் கண்ணாடியில் விரலை வைப்பது. விரல் தடம் அப்புறம் ஒரு பாறை மாதிரியே தெரியும். இன்னொன்று, தெரியாததைத் தெரிந்த மாதிரி போடுவது. காலியாக விட்டால் கப்பல்காரன் ஜாக்கிரதையாகப் போவான். பொய்யாக ஓர் எண்ணைப் போட்டால் நம்பிப் போய் மாட்டிக்கொள்வான். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிப்போகும்.

தமிழ்வாணிக்கு மட்டும் இதைச் சொல்ல வேண்டியதே இருக்காது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வருகிற பெண். அவர்கள் தெருவிலேயே முதல் பட்டதாரி. அவளுடைய அண்ணன் ராஜபாண்டி ஒரு சின்ன சரக்குக் கப்பலில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் படித்தவள். அவள் ஏற்றிய வரைபடத்தில் தப்புக் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு.

அந்தப் புரட்டாசிக் காலையில் அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றபோது முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், எங்கம்மா கீழ நிக்கிது."

"நிக்கட்டும். ஒரு டீ வாங்கிக் குடு."

"அதில்ல மேடம். அண்ணன் கப்பலப் பாக்கணும்னு வந்திருக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனி மாதத்துக்கு அப்புறம் அண்ணனிடமிருந்து போனே இல்லையாம். கடைசியாகப் பேசியபோது, நாங்கள் வரைந்துகொண்டிருக்கிற அந்தக் கரையில் ஒரு துறைமுகத்தின் பெயரைச் சொல்லி, அங்கேதான் போகிறோம் என்றிருக்கிறான். ஆள் சேர்த்துவிட்ட ஏஜெண்டு கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். பார்க்கச் சகிக்காமல் இவள் ஒரு நாள் சொல்லிவிட்டாள்: எங்க கம்ப்யூட்டர்ல எல்லாக் கப்பலும் தெரியும், அண்ணன் கப்பலும் தெரியுது, நல்லாத்தான் ஓடுது என்று. அன்றைக்கு அம்மா சாப்பிட்டிருக்கிறாள். அப்புறம் நிறுத்த முடியுமா? தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கடலில் ஓர் இடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஏதாவது ஒரு புள்ளியக் காட்டி, இதுதான்னு சொல்லிருங்க மேடம். ஒங்க கால்ல விழுறேன்."

கோபம் வந்தால் எனக்கு வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரம்தான் வாயில் வரும். வந்தது. அவளுக்கு அது புரியாமல் போனது நல்லதுதான்.

அவளுடைய அம்மா தங்கப்பொண்ணு செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு வந்தாள். மெலிந்த உடம்பு. கையில் மஞ்சப்பை நிறைய அவித்த கடலை. அதை என் மேஜையில் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், திரையையே பார்த்தாள்.

"இதுல எது தாயி எம்புள்ள கப்பலு?"

அவள் முதுகுக்குப் பின்னால் தமிழ்வாணி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். திரையில் ஒரு மிதவை இருந்தது. அதைக் காட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் இந்த அம்மா நாளைக்கும் வருவாள், மறுநாளும் வருவாள். மிதவை நகராதே. என்னால் முடியவில்லை.

"இதுல கப்பல் தெரியாதும்மா. தண்ணி எம்புட்டு ஆழம், பாறை எங்க இருக்குன்னு மட்டுந்தான் தெரியும். ரோடு தெரியும், ரோட்டுல போற பஸ்ஸு தெரியாது."

தங்கப்பொண்ணு மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப அம்புட்டும் பொய்யா ஆத்தா? நீ சொல்லச் சொல்ல நான் சோறு தின்னேனே," என்றாள்.

நாசமாய்ப் போக, அந்த மிதவையைக் காட்டியிருக்கலாமோ என்று அப்போது எனக்கே தோன்றியது.

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைக் காட்டி, "இது என்ன?" என்றாள்.

அது எப்போதோ மூழ்கிப்போன ஒரு கப்பல். அதை அவளிடம் எந்த வாயால் சொல்ல?

"அது... தண்ணிக்குள்ள ஒரு பொருளு கெடக்கும்மா. எங்கன்னு சரியாத் தெரியல. அதான் 'இடம் உத்தேசம்'னு பக்கத்துல எழுதியிருக்கு."

"சரியாத் தெரியாட்டியும் போடுவீகளா?"

"இருக்குறது நெசம்னா போட்டுத்தான் ஆகணும். இருக்கா இல்லையாங்கிறதே சந்தேகம்னா, அதுக்கு வேற எழுத்து."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "எம்புள்ளைக்கு மொதச் சொன்னதப் போடு தாயி. ரெண்டாவது வேணாம்."

நான் எழுந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தால் நானும் அழுதிருப்பேன்.

எங்கள் முதலாளி ராஜாராம் எனக்குத் தூரத்து உறவில் மாமா. ஆபீசில் மட்டும் சார். வெளிநாட்டுக்குப் பேசுகிற ஒரே போன் அவர் அறையில் இருந்தது, அதற்குச் சின்னதாக ஒரு பூட்டு. நாங்கள் வரைகிற கரையின் துறைமுகங்களைப் பற்றிய கையேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதில் ராஜபாண்டி சொன்ன துறைமுகத்தின் ஆபீஸ் நம்பர் இருந்தது. பிள்ளைகளுக்கு விளங்க வேண்டாம் என்று இருவரும் எங்கள் பாஷையிலேயே சண்டை போட்டோம். அந்த நாட்டு ஆபீஸ் எதையும் நாம் நேரடியாகக் கூப்பிடக் கூடாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது, தெரிந்தால் இத்தனை பிள்ளைகள் வேலையும் போய்விடும் என்றார் அவர். அவர் பயமும் பொய்யில்லை. அந்த அளவைத் துறையை விட்டால் எங்களுக்கு வேறு கஞ்சி கிடையாது.

"மாமா, ஒங்க அம்மா இப்பிடி வந்து நின்னா என்ன செய்வீங்க?" என்றேன்.

அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். தங்கப்பொண்ணு இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

"நான் காபி குடிக்கப் போறேன். இங்க என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

போன் ஓர் ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு மாறி மாறிப் போனது. கடைசியில் ஒரு மலையாளத்துக்காரர் லைனில் வந்தார். தமிழ்வாணி எழுதிக் கொடுத்த கப்பல் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினார். தமிழ்வாணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவரிடம் அந்தக் கப்பல் நிற்கிற இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்து அதைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். குறி நகர்ந்து நகர்ந்து துறைமுகத்துக்கு வெளியே, கப்பல்கள் நங்கூரம் போடுகிற இடத்தில் போய் நின்றது.

"இந்தா, இங்க இருக்கான்மா. இது உத்தேசம் இல்ல, நெசம். கப்பல் மொதலாளி பாக்கி வச்சுட்டு ஓடிட்டான். கோர்ட்டுல கப்பல நிப்பாட்டி வச்சிருக்காக. யாரையும் எறங்க விட மாட்டாக. எப்ப விடுவாகன்னு சொல்லத் தெரியல. ஆனா எல்லாரும் நல்லா இருக்காக. நம்ம ராஜபாண்டிதான் சமைச்சுப் போடுறானாம். சாமான் கொண்டுபோற படகுல சொல்லி விட்டு, பேச ஏற்பாடு பண்ணுறேன்னு போன்ல பேசுனவரு சொல்லிருக்காரு."

தமிழ்வாணி சுவரில் சாய்ந்து விம்மினாள். தங்கப்பொண்ணு அழவில்லை. அந்தக் குறி இருந்த இடத்தில் விரலை வைத்தாள், கண்ணாடி மேலேயே. நான் திரையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"அவன் காலுக்கு அடியில எம்புட்டுத் தண்ணி இருக்கு தாயி?"

விரலுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைப் படித்தேன். "பன்னெண்டு மீட்டர். நாப்பது அடி."

"நாப்பது அடிதானா!" என்றாள். "எங்க தெருக் கெணறும் நாப்பது அடிதான். ஊருக் கெணத்துல எங்கள எறங்க விடலைன்னு எங்களுக்குன்னு தனியா வெட்டுனது. இவன வயித்துல வச்சுக்கிட்டு நாந்தான் மண்ணு செமந்தேன். ஒரு ஐப்பசி மழையில அது நெறஞ்சு கெடந்துச்சு. அதுல குதிச்சுத்தான் நீச்சப் பழகுனான். நாப்பது அடித் தண்ணி எம்புள்ளைய ஒண்ணும் செய்யாது."

அப்புறந்தான் அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பார்த்தாள்.

"ஏத்தா, பசிக்குது."

என் டிபன் பாக்ஸில் புளியோதரை இருந்தது. கம்ப்யூட்டர் மேஜையில் யாரும் சாப்பிடக் கூடாது என்பதும் நான் போட்ட சட்டம்தான். கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, டிபன் பாக்ஸை அவள் முன்னால் திறந்து வைத்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.