அஞ்சு நிறச் சோறு

என் வீட்டுக்காரர் பலராமனுக்கு எதையும் பாதி மட்டும் கேட்கிற பழக்கம். மீதிப் பாதியை அவரே தயாரித்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பாதிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

1996இல் வேங்கிக்காலில் அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் சத்தான சாப்பாட்டைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். பேச வந்த அம்மாள், "தினமும் தட்டுல அஞ்சு நிறம் இருக்கணும்" என்றாராம். அந்த நேரம் பார்த்து டீ வந்திருக்கிறது. இவர் எழுந்து போய்விட்டார். எதில் அஞ்சு என்பதை அந்த அம்மாள் அதற்குப் பிறகுதான் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"கஸ்தூரி, நம்ம ஆளுங்க எவ்ளோ புத்திசாலிங்க பாத்தியா? வளைகாப்புக்கு எதுக்கு அஞ்சு வகை சாதம் கிளறுறோம்? மஞ்சளுக்கு எலுமிச்ச சாதம், வெள்ளைக்குத் தேங்கா சாதம், செவப்புக்குத் தக்காளி, பச்சைக்குக் கொத்தமல்லி, பழுப்புக்குப் புளி. நிறத்துக்கு ஒரு சத்து! அன்னிக்கே கண்டுபுடிச்சு வச்சிட்டாங்க."

எங்கள் ஒரே மகள் தென்றல் அப்போதுதான் ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வளைகாப்புச் சாதம் என்பது ஒருநாள் கூத்து. இவர் அதைத் தினசரிக் கூத்தாக்கினார். விடியலில் எழுந்து ஒரு குண்டான் சோறு வடித்து, அஞ்சு தட்டில் ஆற வைத்து, அஞ்சு தடவை தாளித்துக் கொட்டினேன். ஒருநாள் கொத்தமல்லி கிடைக்கவில்லை என்றதும், "அப்போ பச்சை கம்மியாவுதே" என்று ஓடிப்போய்ப் பச்சைக் கலர்ப்பொடி வாங்கி வந்தார் மனிதர். அதை அவர் கண் முன்னாலேயே சாக்கடையில் கொட்டினேன்.

இவ்வளவு வாய் இருந்தும் ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். மாதக்கணக்கில் வாந்தி எடுத்த பெண், அந்தச் சாதத்தைத் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பெற்றவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? நானும்தான் ஏமாந்தேன்.

ஒரு மாதம் போயிற்று. தென்றலுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. உதடெல்லாம் வெளுத்துப்போனது. செங்கம் ரோட்டில் இருக்கிற டாக்டர் சந்திரகலாவிடம் கூட்டிப்போனோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்கிறது என்றார் அவர்.

"இன்னாம்மா சாப்பிடுற?"

அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "அஞ்சு நிறமும் குடுக்கிறோம் டாக்டர். ஒருநாள்கூடத் தவறல." நிறங்களையும் சாதங்களையும் வரிசையாக ஒப்பித்தார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"சார், சோறு எந்தச் சட்டை போட்டாலும் சோறுதான். உடம்பு ஓடறதுக்குத் தெம்பு குடுக்கும், வேணாம்னு சொல்லல. ஆனா உள்ள ஒரு குழந்தை வளருது. அதுக்குச் சதை வைக்கப் பருப்பு, முட்டை வேணும். எலும்புக்குப் பால், கேழ்வரகு. ரத்தம் ஊறணும்னா இரும்புச்சத்து. ஒண்ணு செய்யற வேலைய இன்னொண்ணு செய்யாது. உங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட் லீவு போட்டா ஜீப் டிரைவர் வந்து டைப் அடிப்பாரா?"

"அடிக்க மாட்டாரு" என்றார் இவர் ரொம்ப நேர்மையாக.

"நீங்க வெறும் டிரைவரா அஞ்சு பேர அனுப்பி வச்சிருக்கீங்க. நிறம்னா கீரை, கேரட், பழம், பயறு. ஆறு வாரம் டைம் தரேன். ரத்தம் பத்தைத் தாண்டலன்னா இங்க பிரசவம் பாக்க மாட்டேன், வேலூர் பெரியாஸ்பத்திரிதான். கொஞ்சம் ரத்தம் போனாலும் இந்த உடம்பு தாங்காது."

ஆட்டோவில் வரும்போது இவரைத் திட்டவில்லை. அதிலேயே மனிதர் பயந்துபோனார்.

அன்றைக்கே அடுப்படி என் ஆட்சிக்கு வந்தது. முருங்கைக்கீரை, காராமணி, அவித்த முட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல், மதியத்துக்கு மேல் ஒரு கொய்யா. கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால்தான் அந்த இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்றார் டாக்டர். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேர விடாதாம். இரும்பு மாத்திரையும் கொடுத்தார். இந்தத் தடவை இவர் முழுசாகக் கேட்டுக்கொண்டு வந்து, டீத்தூள் டப்பாவைப் பூட்டி வைத்தார். முருங்கை மரத்தில் ஏறப்போய்க் கிளையோடு விழுந்தார். கீரைதானே வேண்டும், வந்துவிட்டது என்று அப்படியே உட்கார்ந்து ஆய்ந்தேன்.

ஆறாவது வாரம் ரத்தம் பத்தரை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. டாக்டரும் சிரித்தார்.

"இங்கயே பாத்துடலாம். எதுக்கும் ஒரு பாட்டில் ரத்தம் தயாரா இருக்கட்டும். அதுக்குப் பதிலா வீட்ல யாராவது ஒருத்தர் குடுக்கணும்."

இவர் சுகருக்கு ஊசி போடுகிறவர், ஆகாது. மாப்பிள்ளை இளஞ்செழியன் ஓசூரிலிருந்து வர ரெண்டு நாளாகும்.

"என்கிட்ட எடுங்க டாக்டர்" என்று கையை நீட்டினேன். "கல்லு மாதிரி இருக்கேன். மாசாமாசம் மலை சுத்துறேன், ஒரு எடத்துல உக்கார மாட்டேன்."

"போன பௌர்ணமிக்கு ரெண்டாவது லிங்கம்கூடத் தாண்டல, அக்னிலிங்கத்துலயே உக்காந்துட்டியே" என்றார் இவர்.

"கால்ல முள்ளு குத்திச்சு. சும்மா இருங்க."

நர்ஸ் என் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் இருந்த நீலத் தண்ணீரில் விட்டாள். தெம்பான ரத்தம் என்றால் நேராக அடிக்குப் போய்விடுமாம். நான் குனிந்து பார்த்தேன். என் ரத்தம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி மேலேயே மிதந்தது.

"தண்ணிய மாத்திப் பாரும்மா" என்றேன். மாற்றினாள். அதிலும் மிதந்தது. சரியாகச் சோதித்துப் பார்த்ததில் ஏழே முக்கால் என்று வந்தது. என் மகள் முதலில் இருந்ததைவிடக் கம்மி.

"நேத்து மத்தியானம் நீங்க இன்னா சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

யோசித்தேன். ஈரலில் பெரும்பங்கு தென்றலுக்கு, மிச்சம் இவருக்கு. முட்டை அவளுக்கு. கீரைச் சட்டியில் ஒட்டியிருந்ததில் சோற்றைப் பிரட்டி, ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அப்புறம், பூட்டின டப்பாவுக்குத் தெரியாமல் நான் ஒளித்து வைத்திருந்த தூளில் ஒரு டம்ளர் டீ. டாக்டரிடம் சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆறு வாரமாக ஊருக்கெல்லாம் சத்துப் பாடம் நடத்தியவள் நான்.

"ஈரல் எடுத்துக்கினேன்னு சொன்னியே கஸ்தூரி" என்றார் இவர்.

"சொன்னா? நீங்க என்னிக்காவது சட்டியைத் தொறந்து பாத்தீங்களா?"

"பாக்கல" என்றார்.

மாப்பிள்ளை வந்து ரத்தம் கொடுத்தார். அது தேவைப்படவே இல்லை. பெண் குழந்தை, சுகப்பிரசவம், இங்கேயே.

வீட்டுக்கு வந்த மறுநாள் இவர் லீவு போட்டுவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தார். மதியம் ஒரு தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். கீரை, காராமணி, முட்டை, தக்காளிக் குழம்பு, ஓரத்தில் கொஞ்சம் சோறு.

"நிறத்த எண்ணிக்கோ" என்றார்.

நான் தென்றலுக்குப் பரிமாற எழுந்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அதட்டினாள். "நீ உக்காரும்மா. நீ வாயில வைக்காம நான் தொட மாட்டேன்."

உட்கார்ந்தேன். "கீரையை ஆஞ்சீங்களா, மரத்தோட போட்டீங்களா? உப்பு எங்க?" என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை.

அவர் தன் தட்டை எடுத்தார். போட்டுக்கொள்ளும் முன், சட்டியைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் இருக்கு. நீ போட்டுக்கோ" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காரம் ஜாஸ்தி என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.