பழுது வேறு, மாற்றம் வேறு

அந்தக் கார் தொழிற்சாலையில் பச்சையம்மாளைத் தாண்டி நிரந்தரம் ஆனவர்கள், வரிசைப்படி, ஐந்து பேர்.

முதலாவது, வெள்ளை நிறத்தில் நான்கு கதவுக் கார் ஒன்று. பச்சையம்மாள் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து ஐந்து ஆண்டு கழித்து வந்தது. வந்த வாரமே நிரந்தரம். இரண்டாவது, மஞ்சள் நிறத்தில் இரண்டு கதவுக் கார். அதற்கு நேராகப் பின்னால் வரக்கூடத் தெரியாது. மூன்றாவது, பழுதான வண்டிகளை இழுத்து வரும் கிரேன். சோதனை டிராக்கில் மற்றவர்களை இழுத்து வந்த சுற்றுகளையெல்லாம் அதன் பேரிலேயே எழுதிக்கொண்டார்கள். நான்காவது, ஒரு நீலக் கார். ஒன்பது சுற்று முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பத்தாவது சுற்றை அதன் வாய்வார்த்தையை நம்பி விட்டுவிட்டார்கள். ஐந்தாவது, மேலாளரின் மைத்துனர். அவர் பிறகொரு நாள் அதே நீலக் காரின் பின் இருக்கையில் தூங்கியபடியே பத்துச் சுற்றும் வந்தார். பச்சையம்மாள் ஆட்சேபித்தாள். ‘சுற்றி வர வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது, தன் காலால் வர வேண்டும் என்று இல்லை’ என்று எழுத்தில் பதில் வந்தது.

விதியோ அவளே போராடி வாங்கியது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

தொண்ணூற்று ஒன்பதில் எழுபத்தொரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இயந்திரத்துக்கு எண்ணெய் உண்டு, ஓய்வு உண்டு, தலைக்கு மேல் கூரை உண்டு; ஆளுக்கு எதுவும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே துண்டறிக்கைகளில்தான் என்றாலும் அன்று பச்சையம்மாளே ஒரு துண்டறிக்கை எழுதினாள். ‘வண்டிக்கு ஒரு நீதி, மனிதருக்கு ஒரு நீதியா?’ என்று கேட்டாள். நிர்வாகம் யோசித்து, இனி இருவருக்கும் ஒரே நீதி என்று ஒப்புக்கொண்டது. ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு இப்படிப் போகும்: ஆலைக்குள் பதிவான எவரும், எதுவும், பதிவான நிலையிலேயே, எந்த மாற்றமும் செய்துகொள்ளாமல் சோதனை டிராக்கைப் பத்து முறை சுற்றி வந்தால் நிரந்தரம். காலியிடத்தை அறிவித்த நாளிலேயே நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் அந்த இடம் ரத்து. கடைசி வரியையும் அவளே சண்டை போட்டுச் சேர்த்தாள்.

நிரந்தரம் ஆனவரின் பெயரை வாசலில் மூன்று சாட்சிகள் முன்னிலையில் உரக்கப் படிப்பார்கள். பச்சையம்மாளுக்கு வேண்டியது அந்த ஒரு நிமிடம்தான். இருபத்தேழு ஆண்டு வேலையில் மற்றவர்களின் பெயருக்கு அவள் சாட்சியாக மட்டுமே நின்றிருக்கிறாள்.

அவளை நிறுத்தி வைத்தது ஒரு தகடு. வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் நாள் வாசலில் நடந்த தடியடியில் இடது கால் முறிந்தது. எலும்போடு ஒரு எஃகுத் தகடும் ஐந்து திருகாணிகளும் வைத்துத் தைத்தார்கள். வேலைக்குத் திரும்பிய நாள் முதல் வாசலில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி அவளைப் பார்த்துக் கத்தும். வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ் வரதராஜுலு உள்வரும் பொருள் பதிவேட்டில் ‘தகடு ஒன்று, திருகாணி ஐந்து’ என்று எழுதுவார். மாலையில் வெளியே போனதாக எழுதுவார். இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு வேலைநாள் தவறியதில்லை. ஒப்பந்த ஆள் என்பதால் பச்சையம்மாளைப் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலையிலிருந்து நீக்கி மறுபடி சேர்ப்பார்கள். தகட்டை அப்படி நீக்கும் வழக்கம் இல்லை.

ஐந்து முறை விண்ணப்பித்தாள். ஐந்து முறையும் தகடு மாற்றம் என்று தள்ளினார்கள். நரை மாற்றம் அல்ல, பல் விழுந்தது மாற்றம் அல்ல. அவை தேய்மானம், டயருக்கு உள்ளதுபோல. தகடு மட்டும் மாற்றம். அவள் ‘பழுது வேறு, மாற்றம் வேறு’ என்று பதினாறு பக்கத்தில் எழுதி அச்சடித்து, வாசலில் நின்று கொடுத்து, தீர்ப்பாயம் வரை போய் வாதாடி வென்றாள். உடைந்ததை ஒட்ட வைப்பது பழுதுபார்ப்பே என்று தீர்ப்பு வந்தபோது அவள் ஓய்வு பெற இருபது நாள் மிச்சம். ஒரே ஒரு காலியிடம். அதற்கு இன்னொரு விண்ணப்பமும் வந்திருந்தது.

அது ஒரு சிவப்புக் கார்.

புதிய வகை. தொழிற்சாலையிலிருந்து நேரே பந்தய டிராக்குக்கு, கை வைக்கத் தேவையே இல்லை என்று அதன் புத்தகத்தில் போட்டிருந்தது. அதன் இருக்கைகளைத் தைத்தவள் பச்சையம்மாள். கறுப்புத் தோலில் சிவப்பு நூலால் இரட்டைத் தையல். அடியில், யாரும் பார்க்காத இடத்தில், அவள் போடும் தலைகீழ் முடிச்சு. தன் கைவேலை மேல் மற்றவர்கள் உட்காருவது அவளுக்குப் பழகிப்போன விஷயம். தன் கைவேலையே தன் இடத்தில் உட்கார வருவது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பச்சையம்மாள் நடக்கத் தொடங்கினாள். சுற்றுக்கு மூன்று கிலோமீட்டர். நேரத்தைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அவளை அனுப்பி வைக்க வரதராஜுலு மட்டும் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

சிவப்புக் கார் ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு அதைக் குடை பிடித்து அழைத்து வந்தார்கள். டயருக்குக் காற்று பார்த்தார்கள், கண்ணாடியைத் துணியால் ஒற்றினார்கள், படம் எடுத்தார்கள். மெக்கானிக் மோசஸ் நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தான். பச்சையம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கண்டித்து இரண்டு துண்டறிக்கை எழுதியவள். எட்டாவது சுற்றில் அந்தப் பக்கமாக நடந்து போனபோது அவள் பார்த்தது அந்தப் பழங்களைத்தான். இருபத்தேழு ஆண்டில் தன் காலடியில் யாரும் ஒரு பழம் வைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள். தார் இளகி செருப்பில் ஒட்டியது.

கார் அவளை முதல் சுற்றில் தாண்டியது. இரண்டாவதிலும் தாண்டியது. ஒவ்வொரு தடவையும் “வரேன்கா” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனது. அந்த மரியாதையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஐந்தாவது சுற்றின் கடைசி வளைவில் அது நிற்கவில்லை. நேராக மணலுக்குள் போய் உட்கார்ந்தது. பச்சையம்மாள் போய்ச் சேர்ந்தபோது மோசஸ் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கருகிய வாடை அடித்தது.

“இன்னா ஆச்சு?”

“பிரேக் ஆயில் கொதிச்சுப் போச்சுக்கா. பெடலை மிதிச்சா தரைக்குப் போவுது. சக்கரத்தைப் புடிக்கற பிரேக் பேடும் தீஞ்சிடுச்சு. கம்பெனி போட்டு அனுப்பறது ரோட்டுக்குத்தான் தாங்கும். டிராக்குல அஞ்சு சுத்து, அதுக்கு மேல கடவுள் விட்ட வழி.”

“புத்தகத்துல ரெடின்னு போட்டிருக்கே?”

“புத்தகமா வந்து பிரேக் புடிக்கும்?” மோசஸ் வேறொரு பெட்டியைத் திறந்தான். “சூடு தாங்கற ஆயில், பந்தயப் பேடு. மாட்டினா இருபது சுத்து போவும்.”

“மாட்டினா அது மாற்றம்.”

“ரிப்பேர்க்கா. நீங்களே எழுதியிருக்கீங்க.” அவன் சட்டைப் பையிலிருந்து பதினாறு பக்கத்தையும் எடுத்தான். எண்ணெய்க் கறையோடு பல இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தது. இவ்வளவு கவனமாக அதை வேறு யாரும் படித்ததில்லை.

வரதராஜுலு பதிவேட்டோடு வந்து சேர்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விஷயத்தை நிதானமாக எடுத்துவைத்தார்.

“ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்கம்மா. ஒரே விதிதான். பேடு பழுதுன்னா தகடும் பழுது. ரெண்டு பேரும் ஓடலாம், யார் முந்தறாங்களோ அவங்களுக்கு இடம். பேடு மாற்றம்னா தகடும் மாற்றம்; ரெண்டு பேரும் கிடையாது.”

காருக்கு மிச்சம் ஐந்து சுற்று, கால் மணி நேரம். பச்சையம்மாளுக்கு மிச்சம் இரண்டு சுற்றுக்குச் சற்று மேல், ஒன்றே முக்கால் மணி நேரம். கார் மணலில் இருந்தபடி முன்விளக்கை லேசாகத் தாழ்த்திக்கொண்டது. அதன் கதவு வழியே சிவப்பு நூல் தெரிந்தது. வாசலில் அதன் பெயரைப் படிப்பார்கள். சாட்சியாக நிற்கத் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“காகிதம் குடுங்க,” என்றாள்.

மோசஸின் முதுகில் வைத்து எழுதினாள். ‘வந்த பேடு வேறு, மாட்டிய பேடு வேறு. வந்த பச்சையம்மாள் வேறு, தகடு வேறு. தகடு நானல்ல, அது வெளியே ஒரு ஆலையில் செய்தது. ஆகவே இரண்டும் மாற்றமே. என் பதினாறு பக்கத்தை இதனால் திரும்பப் பெறுகிறேன்.’ கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

“நாசமாப் போச்சு,” என்று மோசஸ் பெட்டியை மூடினான். “உங்களுக்கும் இல்லியேக்கா.”

“அதுக்கும் இல்லைல்ல?”

சொல்லிவிட்டு அவள் மறுபடி நடந்தாள். தொடங்கிய ஊர்வலத்தைப் பாதியில் கலைத்த பழக்கம் அவளுக்கு இல்லை. சிறிது நேரத்தில் பின்னால் சக்கரம் உருளும் ஓசை கேட்டது. கார் பழைய பிரேக்கோடு, பிரேக்கே தேவைப்படாத வேகத்தில், பக்கத்தில் வந்தது.

“கோவமாக்கா?”

“நீ யாரு, உன்மேல கோவப்பட?”

அரைச் சுற்று கடந்தது.

“ஷோரூம் வெளிச்சத்துல நிக்கவும், கல்யாண மண்டபத்து வாசல்ல திரும்பவும் செஞ்ச உடம்புக்கா,” என்றது கார். “ஒரு வளைவுல அழுத்துனா நிக்கும். எழுபது வளைவுல அழுத்துனா கொதிக்குது. ரெடின்னு அவங்க எழுதிட்டாங்க. நானும் நம்பிட்டேன்.”

“நானும் நெறைய எழுதியிருக்கேன்,” என்றாள் பச்சையம்மாள். “வெற்றி நிச்சயம்னு மட்டும் நாப்பது தடவை.” பிறகு கேட்டாள்: “சீட்டுத் தையல் உறுத்துதா?”

“இல்லக்கா. அது ஒண்ணுதான் அப்படியே இருக்கு.”

அவள் காரின் நிழல் விழுந்த பக்கமாக மாறி நடந்தாள்.

இரண்டரை மணிக்குப் பத்தாவது சுற்று முடிந்தது. கோட்டருகில் வரதராஜுலு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். காலியிடத்தை இன்றே நிரப்ப வேண்டும் என்றார். யாராவது பத்துச் சுற்றும் மாறாமல் வந்திருக்கிறார்களா என்று பார்த்ததாகச் சொன்னார். தீர்ப்பாயக் கோப்பிலிருந்து இரண்டு எக்ஸ்ரே படங்களை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒன்று தொண்ணூற்று ஒன்பது, மற்றொன்று போன மாதம்.

“தகடு ஒண்ணு, திருகாணி அஞ்சு. ஒரு மயிரிழை மாறலை. பொருள் பதிவேட்டுல பதிவாகியிருக்கு. இருபத்தஞ்சு வருஷ வருகை, நடுவுல நீக்கம் கிடையாது. இன்னிக்குப் பத்துச் சுத்து முடிச்சிருக்கு.”

“நான்தானே சுமந்து வந்தேன்?”

“மைத்துனர் விஷயத்துலயே அது முடிவாயிடுச்சும்மா. தகடு நீங்க இல்லைன்னு மத்தியானம் நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க.” அவர் பேனாவைத் திறந்தார். “பேர் இல்லாம வருகைப் பதிவேட்டுல ஏத்த முடியாது. கொண்டுவந்தவங்கதான் பேர் சொல்லணும்.”

பச்சையம்மாள் சற்று யோசித்து, “பச்சையம்மாள்,” என்றாள்.

“அந்தப் பேர் ஒப்பந்தப் பதிவேட்டுல இருக்கு. ஒரே பேர் ரெண்டு இடத்துல வரக்கூடாது.”

அவள் தன் இடது காலைப் பார்த்தாள். மத்தியானம் மணலில் சிவப்புக் காரைப் பார்த்த அதே பார்வை. அது ஒன்றும் தெரியாததுபோல் நின்றது. அவளிடம் இன்னொரு பெயர் இருந்தது. வேலைநிறுத்தத்தின்போது, வென்றால் பிறக்கப்போகும் பெண்ணுக்கு வைக்கலாம் என்று ஒரு துண்டறிக்கையின் ஓரத்தில் எழுதிவைத்த பெயர். வேலைநிறுத்தம் வென்றது. அந்தத் துண்டறிக்கை இன்னும் அவள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அவள் குனிந்து அந்தப் பெயரை வரதராஜுலுவின் காதில் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். தாயார் பெயர் என்ற இடத்தில் அவளைக் கேட்காமலே அவள் பெயரை எழுதினார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தகடு வேலையில் சேர வேண்டும். கொண்டுவருபவருக்குத் தனி அனுமதிச் சீட்டு. தகட்டுக்கு ஓய்வு வயது கிடையாது.

வாசலில் மூன்று சாட்சிகள் நின்றார்கள்: மோசஸ், சிவப்புக் கார், பச்சையம்மாள். மோசஸ் நசுங்காமல் மிஞ்சியிருந்த ஒரு எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்துவந்து அவள் இடது பாதத்தின் முன் வைத்தான். அவள் வலது காலைப் பின்னுக்கு நகர்த்தி, இடது காலை முன்னே வைத்துக்கொண்டாள். கார் முன்விளக்கைப் போட்டது. வரதராஜுலு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசல் முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படித்தார்:

“ப. வெற்றிச்செல்வி.”