முந்திக்கொண்ட ஐஸ் மிஷின்

நான் செய்த பெட்டிக்கு அவசரம் ஜாஸ்தி. ஆள் வந்து கேட்கும்வரை காத்திருக்காது; வரப்போவதை ஊகித்து வேலையை ஆரம்பித்துவிடும். எண்பத்தாறில் காரைக்காலில் அப்படியொரு கம்ப்யூட்டர் பெட்டியைச் செய்து, கோட்டுச்சேரிமேட்டு ஐஸ் கம்பெனியில் மாட்டிய இந்த இசபெல்லாவுக்குத் தலைக்கனம் இருக்காதா? இருந்தது.

மீன்காரர்கள் கேட்டுக்குள் நுழையும் நேரத்தைப் பெட்டி குறித்துக்கொள்ளும். மறுநாள் அதற்குச் சற்று முன்பே ஐஸ் அரைக்கும் மிஷினைப் போட்டுவிடும். வந்தவுடன் தூள் ஐஸ் தயார். முதலில் எல்லோரும் மெச்சினார்கள். பிறகு மூன்று மணிக்கு ஓட வேண்டிய மிஷின் இரண்டுக்கே ஓடியது, அப்புறம் ஒன்றுக்கு. இப்போது சாப்பாட்டு நேரத்தில் அலறுகிறது.

"ஒரு வாய் சோறு நிம்மதியா திங்க முடியலம்மா. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணுங்க, இல்லாட்டி கழட்டிடுவோம்" என்றார் முதலாளி முகைதீன் பிச்சை. பெட்டி போனால் என் வேலையும் போகும்.

பெட்டியின் கணக்கைக் காகிதத்தில் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எல்லாம் சரியாகவே வந்தது. எரிச்சலில் சாக்பீஸை எடுத்து, காத்திருப்பது, மிஷினைப் போடுவது என்று பெட்டியின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வட்டமாக முற்றத்தில் போட்டேன். நான்தான் பெட்டி. மீன்காரிக்கு ஆள் வேண்டுமே? முதலாளியையே நிறுத்தினேன். ஐஸுக்குக் காத்திருந்த மீன்காரி சொர்ணாம்பாள் சிரித்துக்கொண்டே தன் கூடையை அவர் தலையில் வைத்துவிட்டாள்.

"நான் விசிலடிச்சா மிஷின் ஓடுதுன்னு அர்த்தம். நீங்க மூணு மணிக்கு வந்தாப் போதும், முதலாளி."

விசிலடித்தேன். மனிதர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கூடையோடு ஓடி வந்தார்.

"மூணு ஆவலியே. ஏன் ஓடியார்றீங்க?"

"சத்தம் கேட்டுச்சுல்ல? பிந்துனா எனக்குத் தண்ணிதான மிஞ்சும்?"

"நாங்களும் அதுக்குத்தாங்க ஓடியார்றோம்" என்றாள் சொர்ணாம்பாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் வட்டத்துக்கு வட்டம் குதித்தேன். பெட்டி இவர்களைப் பார்த்து முந்தியது. இவர்கள் பெட்டியின் சத்தத்தைக் கேட்டு முந்தினார்கள். என் காகிதத்தில் பெட்டி மட்டும்தான் இருந்தது, காதுள்ள மனிதர்கள் இல்லை.

புதிதாக ஒரு வட்டம் போட்டேன். நடுநடுவே சில நாள், ஆள் வரும்வரை பெட்டி மிஷினைப் போடாமல் வாயை மூடியிருக்க வேண்டும். அந்த நாட்களில் அவர்கள் வந்த நேரத்தை மட்டுமே நம்ப வேண்டும். மறுபடி ஆடிப் பார்த்தோம். விசில் கேட்காததால் முதலாளி ஆடி அசைந்து மூன்று மணிக்குத்தான் வந்தார்.

அப்போது எலெக்ட்ரீஷியன் வைத்தியலிங்கம் ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே வந்தான். "பெட்டியக் கழட்டணும்னு சொல்லிவிட்டீங்களாமே, முதலாளி?"

முதலாளி தலைக்கூடையை இறக்கவில்லை. "செருப்ப அங்கயே விட்டுட்டு வந்து அந்த வட்டத்துல நில்லுப்பா. இன்னொரு மீன்காரி தேவைப்படுது."