குண்டூசி வேலை

சரித்திரம்தான் படிப்பேன் என்று நான் வீட்டில் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. மாமாவின் தணிக்கை அலுவலகத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி காத்திருந்தது. சாப்பிடாமல் படுத்தேன். அப்பாவோடு பேச்சை நிறுத்தினேன். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். "லீவுல ஆவணக் காப்பகத்துல வேலை பாரு. ஒரு நாள் நான் வந்து பார்ப்பேன். சரின்னு பட்டாதான் அந்தப் படிப்புல சேர்ப்பேன்" என்றார்.

இன்று வருகிறார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமென்று நான் வேண்டாத தெய்வமில்லை.

இந்த வேலை எனக்குத் துளிகூடப் பிடிக்கவில்லை. போர், ஆட்சிக் கவிழ்ப்பு என்று கனவு கண்டு வந்தவளுக்குக் கிடைத்தது, நகராட்சிக்கு வந்த பழைய புகார் மனுக்கள். ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, அவற்றில் துருப்பிடித்துக் கிடக்கும் குண்டூசிகளைக் காகிதம் கிழியாமல் கழற்ற வேண்டும். மை பட்டுவிடுமாம், பேனாவை வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். தும்மித் தும்மி மூக்கு தக்காளியாகிவிட்டது. பேச்சுத் துணைக்குக் காப்பாளர் அம்மா ஒருவர்தான். அவருக்கும் "மெதுவா" என்பதைத் தவிர வேறு சொல் வராது. இதையெல்லாம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் சொல்வது? அக்கா ஒருத்தி போதும், ஆயுசுக்கும் குத்திக் காட்ட. அப்பாவே இழுத்துக்கொண்டு போய்விட்டால் என் மானம் தப்பும்.

அப்பாவுக்கு மின்சாதனக் கடை. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத மனிதர். அவர் வந்து உட்கார்ந்ததும், இருப்பதிலேயே அலுப்பான கட்டாகப் பார்த்து முன்னால் வைத்தேன். "இதாம்பா வேலை. நாள் பூரா இதேதான்."

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இங்க பாரேன், ஒருத்தன் குழாய்ல தண்ணி வரலன்னு எழுதியிருக்கான்."

"ம்."

"பதில் வரலன்னு மறுபடியும் எழுதியிருக்கான். ஐயோ, இதுல திட்டியே எழுதியிருக்கான்!" தோள் குலுங்கச் சிரித்தார். "அடுத்தது எங்க?"

"தெரியலப்பா. எல்லாம் கலந்து கிடக்கு."

"அப்ப தேடணுமே."

தேடினார். கடையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அதை அணைத்துப் பைக்குள் போட்டார். காப்பாளர் அம்மா "மெதுவா" என்றதற்கு, "சரிங்கம்மா" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். பூட்டும் நேரத்தில் அவரை நாற்காலியிலிருந்து கிளப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

"அவனுக்குத் தண்ணி வந்துச்சா இல்லையான்னு தெரியலையே" என்று புலம்பிக்கொண்டே படியிறங்கினார். வாசலில் நின்று போனை எடுத்தார். மாமாவோடுதான் பேசினார். "அந்த எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கங்க. இவ வரமாட்டா."

எனக்குப் பகீரென்றது.

"நான்தான் புரியாம குறுக்க நின்னுட்டேன்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எனக்கும் இதத்தான் படிக்கணும்னு ஆசை. எங்கப்பா கடையில உக்கார வெச்சுட்டார். அவர எதுத்துக்கிட்டுச் சாப்பிடாம கெடக்க எனக்குத் தைரியம் வரல. உனக்கு வந்துச்சு பாரு."

"அப்பா, எனக்கு..."

"சொல்லும்மா."

அவர் கண் கலங்கியிருந்தது. தொண்டை வரை வந்ததை விழுங்கினேன்.

"ஒண்ணுமில்லப்பா. நாளைக்கு அந்தத் தண்ணிக்காரரோட மிச்ச மனுவத் தேடறேன்."

"தேடு, தேடு" என்று என் தோளைத் தட்டினார். "தினம் சாயந்தரம் வந்து கேப்பேன்."