எரியும் தண்ணீர்

எங்கள் பத்திரிகையில் என் வேலை சந்தேகப்படுவது. நம்ப முடியாத செய்தி எது வந்தாலும் அது மெய்யா பொய்யா என்று நான்தான் சொல்ல வேண்டும். அனுப்பியவர் யாரென்று மட்டும் எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்ப்பேனாம். அதனால் பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு என்னிடம் தள்ளுவதற்கென்றே பக்கத்து மேசையில் ஒருவர் இருக்கிறார். அவரை எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. புளுகுச் செய்தி துடைத்து வைத்ததுபோல் இருக்கும். மெய்யில் தேவையில்லாத குப்பை ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். மீன் மழை பெய்ததாக எழுதிய ஒருவர், அந்த அமளியில் ஒற்றைச் செருப்பைக் காணோம் என்றும் புலம்பியிருந்தார். விசாரித்தேன், மெய்தான்.

அந்தக் கணக்கு போன மாதம் காலை வாரிவிட்டது. கடிகாரம் பார்த்து மணி சொல்லும் ஆடு ஒன்றை மெய்யென்று விட்டுவிட்டேன். ஊரே சிரித்தது. "இன்னொரு ஆடு வந்தா நீயும் அது கூடவே கிளம்பிடு" என்றார் ஆசிரியர். அதிலிருந்து எனக்கு எல்லாமே ஆடாகத்தான் தெரிகிறது.

இன்று காலை ஒரு வீடியோ வந்தது. சமையலறைக் குழாயைத் திறந்து யாரோ தீக்குச்சியைக் காட்ட, தண்ணீர் குப்பென்று பற்றிக்கொள்கிறது. கூடவே ஒரு வரி: 'இதனால் ஆபத்து உண்டா?'

"தண்ணி எரியுது பாருங்கம்மா" என்றார் கத்தரி.

"தண்ணி எரியலை. யாரோ நம்ம தலையில மிளகாய் அரைக்கிறாங்க."

"நிலத்துக்கடியில இருக்கற வாயு தண்ணியோட கலந்து வந்தா இப்படி எரியும்னு எங்கயோ படிச்சேனே?"

"ஆடு மணி சொன்னதையும்தான் நம்ம பேப்பர்ல படிச்சோம்."

தொட்டி நிறையக் கழுவாத பாத்திரம், ஓரத்தில் ஈரத்துணி. என் கணக்குப்படி மெய்யின் குப்பைதான். ஆனால் அதையும் வேண்டுமென்றே பரப்பி வைத்திருப்பான் களவாணி என்று ஆத்திரம் வந்தது. 'பொய்' என்று அழுத்தினேன். 'சரிபார்த்துவிட்டோம், இது பொய்' என்று அனுப்பியவருக்குத் தானாகவே பதில் போய்விட்டது. நான் ஒன்றையும் சரிபார்க்கவில்லை.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. எங்கே ஏமாற்றியிருக்கிறான் பார்ப்போம் என்று வீடியோவை மறுபடி ஓட்டினேன். தொட்டியில் கைப்பிடி உடைந்த பாத்திரம் ஒன்று. உடைந்த இடத்தில் நீல நிற மின்கம்பி சுற்றியிருந்தது. சுற்றியது நான்தான், இரண்டு மாதத்துக்கு முன்பு, என் தங்கை வீட்டில்.

அவளுக்கு வீடியோவில் வெட்டி ஒட்டவெல்லாம் தெரியாது. கூப்பிட்டேன்.

"அந்தத் தண்ணி வீடியோ நீயாடி அனுப்பினே?"

"ஆமாக்கா. பொய்னு பதில் வந்துடுச்சு. இப்பதான் நிம்மதி. மூணு நாளா பயந்துகிட்டு சமையலறைப் பக்கமே போகலை."

"எனக்கு நேரா சொல்றதுக்கென்ன?"

"தண்ணி நுரைச்சு நுரைச்சு வருதுன்னு போன வாரமே சொன்னேனே! உனக்கு எதையும் ஊதிப் பெருசாக்கத்தான் தெரியும்னு போனை வெச்சிட்டே. அதான் உங்க ஆபீசுக்கு அனுப்பினேன். பத்து பேர் பார்த்துத்தானே சொல்வாங்க?"

பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"என்ன சத்தம் அது?"

"குழாய்தான். அரைமணியா பாத்திரம் கழுவறேன். வெளியே ஒரே தூசி, ஜன்னலெல்லாம் சாத்தி வெச்சிருக்கேன். இரு, பாப்பாவுக்குப் பால் சுட வெச்சிட்டு வரேன்."

"அடுப்பைப் பத்த வைக்காதே! குழந்தையைத் தூக்கிட்டு வெளியே போ!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"உங்க ஆபீஸ் பொய்ங்குது, நீ ஓடுங்கறே. நான் யாரைக்கா நம்பறது?"

"அந்தப் பத்து பேரும் நான் ஒருத்திதான்டி. பார்க்காமலே சொல்லிட்டேன். போ!"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு குழந்தை சிணுங்கியது. தாழ்ப்பாள் திறந்தது. படிகளில் வேகமாக இறங்கும் காலடி கேட்டது. கடைசியில் தெருவில் ஏதோ வண்டியின் ஹாரன்.

"வெளியே வந்துட்டேன்கா" என்றாள் மூச்சிரைக்க. "இப்பவாவது நான் சொன்னதை நம்பறியா?"

நம்புகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அழுகைதான் வந்தது.