பெடலுக்குப் பின்னால் ஒரு கரண்டி

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டேன். இருபத்தேழாவது விநாடி. பியானோ பெடல் கிறீச்சிடுகிறது. அதன் பின்னாலேயே, ரொம்ப மெல்லிசாக, ஒரு கரண்டி விழுகிறது. எங்கள் வீட்டுப் பெடல். எங்கள் அம்மாவின் கரண்டி. பாட்டு மட்டும் யாரோ ஒருத்தி பெயரில் இன்று மாலை வெளியாகியிருக்கிறது.

மெட்டு அக்காவுடையது. ஆறு வருஷம் ஹோட்டல் வரவேற்பறையில், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காத மூலையில், பியானோ வாசித்துப் பாடியவள் அவள். போன வருஷம்தான் ஒரு பாட்டு ஓடியது. இந்த மெட்டை நம்பித்தான் அடுத்த ஆல்பமே. பெடலுக்கு எண்ணெய் போட விடமாட்டாள். "அது என் கையெழுத்துடி" என்பாள்.

கிறீச் சத்தத்தைக் கேட்டதுமே மிக்சிங் அண்ணனுக்கு போன் போட்டாள். வீட்டுக்கு வந்து ரெக்கார்ட் பண்ணுகிறவர் அவர் ஒருவர்தான். முதல் பாட்டிலிருந்து கூட இருப்பவர்.

"சத்தியமா நான் யாருக்கும் குடுக்கலம்மா."

"அப்ப பெடலுக்குக் கால் முளைச்சு அதுவே நடந்து போச்சா?"

"நீயா இப்படிப் பேசற?" போனை வைத்துவிட்டார்.

முதலில் எனக்கும் அவர் மேல்தான் சந்தேகம். போன வாரம் என்னைப் பார்த்ததும் லேப்டாப்பை ஏன் மூடினார்?

ஆனால் கரண்டி? அக்கா பெடலோடு நின்றுவிட்டாள், கரண்டியைக் கவனிக்கவில்லை. அண்ணன் ரெக்கார்ட் பண்ணும்போது அம்மா மூச்சுகூட விடமாட்டாள். கரண்டி விழுந்தது அவர் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று கதவுக்குப் பின்னால் நின்று என் போனில் பதிவு செய்தது நான். பெருமையடிக்க ஒரே ஒருத்திக்கு அனுப்பினேன், என் வகுப்புத் தோழி குள்ளிக்கு.

சற்றுமுன் அவளை எழுப்பிக் கேட்டேன்.

"கேட்டுட்டு அப்பவே அழிச்சுட்டேன்டி."

"யாருக்கும் அனுப்பலையே?"

"எங்க சித்தி பொண்ணுக்கு மட்டும்தான். அவளும் பாடுவால்ல... ஏன்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

பக்கத்து அறையில் அக்கா போனில் தட்டிக்கொண்டே இருந்தாள். மெட்டை வெளியே கொடுத்தது அண்ணன்தான் என்று பெயரைப் போட்டு இணையத்தில் எழுதுகிறாள். காலையில் ஊரே படிக்கும். அதன்பிறகு அவரை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?

கதவு வரை போனேன். அவள் திரும்பாமலே பேசினாள்.

"தூங்கலையா? வா, உக்காரு. ஒருவேளை அண்ணன் இல்லன்னா... உனக்கு யார் மேலடி சந்தேகம்?"