பிலி மரஹபா சொல்லவில்லை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கண்புரை பற்றிக் கண் டாக்டர் கோம்போவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். போன வேகத்தில் பதில் வந்தது: 'ஷிகமூ. நீங்கள் பதில் சொன்னால் கடிதம் டாக்டரிடம் சேரும்.'

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை ஊரான டாங்காவில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ஷிகமூ என்பது அங்கே சின்னவர் பெரியவருக்குச் சொல்லும் வணக்கம். பெரியவர் 'மரஹபா' என்று அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். யோசிக்காமல் மரஹபா என்று தட்டினேன். கடிதம் உள்ளே போய்விட்டது. எனக்கு வணக்கம் சொன்னது ஓர் இயந்திரம் என்பது அப்புறம்தான் உறைத்தது. இருந்தாலும் அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை. அதை வைத்தது யாரென்று தேடிக்கொண்டு போனேன்.

2

முதல் தொடக்கம்: 'டாங்கா துறைமுகத்தின் மேல் மெல்ல எழுந்த சூரியன்...' அடித்துவிட்டேன். சூரியனுக்கும் மின்னஞ்சலுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: 'சௌமு ஒரு மேதை.' உண்மைதான். ஆனால் அந்த இயந்திரத்தை வைத்த அவள் இதைப் படித்தால் என்னைக் கிண்டல் செய்தே கொன்றுவிடுவாள்.

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

3

மருத்துவமனையின் அஞ்சல் வழங்கியை, அதாவது கடிதங்கள் வந்து சேரும் கணினியை, எங்கோ ஐரோப்பாவில் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அதை டாங்காவிலிருந்தபடியே கவனித்துக்கொள்பவள் சௌமு. ஒருநாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"தினம் எனக்கு லாட்டரி விழுதும்மா. யாரோ இளவரசன் சொத்தை எழுதிக் குடுக்கிறான். நோயாளி கடிதம் மட்டும் கண்ணுல படமாட்டேங்குது."

"வாசல்ல ஒரு ஆளை நிறுத்திடறேன் டாக்டர்."

"அவன் என்ன பண்ணுவான்?"

"தெரியாதவங்க வந்தா வணக்கம் சொல்லுவான். பதில் வணக்கம் வந்தா உள்ள விடுவான். குப்பை அனுப்புற மெஷினுக்கு நம்ம மரியாதை எங்க தெரியப்போகுது?"

புது முகவரியிலிருந்து வரும் கடிதம் வெளியே காத்திருக்கும். அனுப்பியவருக்கு ஷிகமூ போகும். மரஹபா திரும்பி வந்தால் கடிதம் உள்ளே போகும். அந்த முகவரியும் தெரிந்தவர் கணக்கில் சேர்ந்துவிடும். இவ்வளவுதான். மற்ற ஊர்களில் இதே வேலைக்குக் கோணல்மாணல் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி மனிதனைப் படுத்துகிறார்கள். இவள் வணக்கம் சொல்ல வைத்தாள். எனக்கு இதைவிட அழகாக ஒன்று தோன்றியிருக்காது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: குப்பை அனுப்புகிறவன் பொய் முகவரி போடுவான். முதல் வாரத்தில் நார்வேயில் ஒரு பாவப்பட்ட மனிதருக்கு டாங்காவிலிருந்து ஷிகமூ மேல் ஷிகமூ. அனுப்பிய இடம் மெய்தானா என்று பார்த்த பிறகே வணக்கம் போகும்படி சௌமு திருத்தினாள். அவருக்கு மன்னிப்புக் கடிதமும் எழுதினாள். அவரும் நல்லபடியாகப் பதில் போட்டார்.)

டாக்டரின் பெட்டி துடைத்து வைத்ததுபோல் ஆயிற்று.

4

இனி பிலி. டாங்காவிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கும் பங்கானியில் ஒரு சின்ன மருந்தகத்தில் தாதி. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். ஒரு வியாழக்கிழமை காலை, ஆஷுரா என்ற சிறுமியைத் தாய் தூக்கிக்கொண்டு வந்தாள். சீசல் என்னும் நார்க் கற்றாழைத் தோட்டத்தில் விளையாடும்போது முள் குழந்தையின் கண்ணில் ஏறிவிட்டது. பிலி முள்ளைத் தொடவில்லை. கண்ணை மூடிக் கட்டினாள். டாக்டர் அறுவை அறையில் இருந்தால் அலைபேசி அணைந்திருக்கும், இடையிடையே அஞ்சல் மட்டும் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருந்தாள். படம் எடுத்து அனுப்பினாள்: 'இன்றே உங்களிடம் அனுப்பவா? நீங்கள் மாலை தாரெஸ்ஸலாம் போய்விடுவீர்களாமே?'

பதில் வந்தது. ஷிகமூ.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு பெரியவர் தனக்கு ஷிகமூ சொல்வதா? உடனே எழுதினாள்: 'ஷிகமூ, டாக்டர்.' வாசலில் நின்ற இயந்திரம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி ஷிகமூ. பிலி மறுபடி, இன்னும் பணிவாக: 'ஷிகமூ, ஐயா.'

5

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. குழந்தையின் கண் போகும்போது மரியாதை பார்ப்பாளா ஒருத்தி? பிலியை மாற்றி, மரஹபா என்று பட்டென்று சொல்லும் தைரியசாலியாக ஒரு பிரதி எழுதினேன். அது இந்த ஊர்ப் பெண்ணாக இல்லை. கிழித்துப் போட்டேன்.

வாசலில் என்ன நிற்கிறது என்று பார்க்க அன்று மதியம் சௌமு தன் கணினியிலிருந்து அஞ்சல் வழங்கிக்குள் நுழைந்தாள். அத்தனை குப்பைக்கும் நடுவே ஒரே ஒரு முகவரி விடாமல் வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. கடிதத்தைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். மருந்தகத்துக்குப் போன் போட்டாள்.

"பிலியா? அந்த வாசலைப் போட்டவ பேசறேன். மரஹபான்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா அப்பவே போயிருக்கும்மா."

"டாக்டருக்கு நான் எப்படிக்கா மரஹபா சொல்வேன்? அவர் எங்கப்பாவைவிடப் பெரியவர்."

"அது டாக்டர் இல்ல. மெஷின்."

"மெஷினா இருந்தா என்னக்கா, அவர் பேர்லதானே வந்துச்சு."

 தப்பு பிலியிடம் இல்லை, தன்னிடம்தான் என்று சௌமு பிறகு என்னிடம் சொன்னாள். "எழுதறவங்க எல்லாரும் டாக்டரைவிடப் பெரியவங்கன்னு நினைச்சுட்டேன். இந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவ, எனக்கே இது தோணல."

போனை வைத்ததும் மருத்துவமனைக்கு ஓடினாள். அறுவை அறை வாசலில் டாக்டர் படத்தைப் பார்த்தார்.

"பஸ் ஏறச் சொல்லு. நான் எங்கயும் போகல."

அங்கேயே நின்று, சௌமு அலைபேசியிலிருந்தே விதியைத் திருத்தினாள். மரஹபா வந்தாலும் திற. ஷிகமூ வந்தாலும் திற.

6

முடிவு ஒன்று: பேருந்து நேரத்துக்கு வந்து... முடிவு இரண்டு: வழியில் கிகோம்பே அருகே டயர்...

இரண்டையும் முழுதாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றை எழுதும்போது அழுதேன். எது என்று சொல்லமாட்டேன். இரண்டும் உங்கள் பெயருக்கு வந்து வாசலில் நிற்கின்றன. நீங்கள் யார், என்னைவிடப் பெரியவரா சின்னவரா, எனக்குத் தெரியாது. இனி அதுவும் முக்கியமில்லை. நீங்கள் எந்த வணக்கம் சொன்னாலும் திறக்கும்.

சும்மா இருந்துவிடாதீர்கள். ஆஷுரா தன் அம்மாவின் மடியில், கண்ணில் கட்டோடு, இன்னும் அந்தப் பேருந்தில்தான் இருக்கிறாள்.

ஷிகமூ.